வெறகு அடுப்புல தீ நின்னு எரியறதுக்கு: அடிக்கடி கேக்கற கேள்விங்க

வேலூர் மாவட்டத்துல அணைக்கட்டுங்கற ஊர் பக்கம் எங்க வீடு. கேஸ் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா வெந்நீர், மாட்டுக்கு கஞ்சி, ஞாயித்துக்கிழம கறி, வீட்ல விசேஷம்னா அண்டா சோறு, இதெல்லாம் இன்னிக்கும் வெறகுலதான். இத பாத்துட்டு சொந்தக்காரங்கள்ல இருந்து ஏலகிரில வீடு கட்டி இரும்பு அடுப்பு வாங்கி வெச்சிருக்கற என் தம்பியோட ஃப்ரெண்டு வரைக்கும் எல்லாரும் ஒரே விஷயத்ததான் கேக்கறாங்க, "ஒண்ணு சடசடன்னு எரிஞ்சு முடிஞ்சிடுது, இல்லன்னா புகைஞ்சு அணைஞ்சிடுது, நடுவுல நிக்கவே மாட்டேங்குதுக்கா"ன்னு. அவங்களுக்கு வாயால சொன்னத எல்லாம் இங்க எழுதிட்டேன்.

கேள்வி: நல்லா காய்ஞ்ச வெறகுதான் போடறேன், ஆனா பத்து நிமிஷத்துல எரிஞ்சு போயிடுது. நிதானமா நிக்க இன்னா பண்றது?

மொதல்ல அடுப்புக்குள்ள தணல் இருக்கான்னு பாருங்க. தீ நிக்கறது தணலாலதான், மேல தெரியற ஜுவாலய பாத்து ஏமாறக்கூடாது. வெறகு சூடாகும்போது மொதல்ல உள்ள இருக்கற தண்ணி போகும், அப்புறம் 250, 300 டிகிரி வாக்குல கட்டையே உடைஞ்சு கேஸா வெளிய வர ஆரம்பிக்கும், காய்ஞ்ச வெறகோட எடைல முக்கால் பங்குக்கு மேல இப்படி கேஸாதான் போகுது, நாம பாக்கற மஞ்ச ஜுவால அந்த கேஸ் எரியறதுதான். மிச்சம் கால் பங்குக்குள்ள கரியா நின்னு செவப்பா கனியும். அந்த கரி மெதுவா எரியும், மேல போடற அடுத்த கட்டைக்கு சூடு குடுத்துட்டே இருக்கும். தணல் இல்லாம வெறும் சுள்ளியா போட்டா கேஸ் ஒரே அடியா வெளிய வந்து எரிஞ்சு முடிஞ்சுடும், அதான் உங்களுக்கு நடக்கறது.

அதனால ஆரம்பத்துல ஒரு இருவது நிமிஷம் அவசரப்படாதீங்க. சுள்ளி, தென்ன ஓலைல பத்த வெச்சு, வெரல் கன வெறகு நாலஞ்சு போட்டு, அது கங்கா உடைஞ்சு அடில ரெண்டு வெரக்கட உயரத்துக்கு செவப்பா படிஞ்ச அப்புறம்தான் மணிக்கட்டு கன கட்ட. அதுக்கப்புறம் பாருங்க, அப்பப்ப கொள்ளிய கொஞ்சம் உள்ள தள்ளுனா போதும்.

இன்னொண்ணு, ஒரே நேரத்துல அடுப்பு நெறைய திணிக்கறது. அது நெறைய பேருக்கு பழக்கமாவே இருக்கு. எங்க மாமா வீட்ல வெல்லம் காய்ச்சறப்ப அடுப்படில ஒருத்தர் உக்காருவாரு, அவருக்கு வேற வேலையே கிடையாது, காய்ஞ்ச கரும்பு சக்கைய கை நெறைய எடுத்து, ஒரு பிடி உள்ள போறது, எரியறது, அடுத்த பிடி, இப்படியே மணிக்கணக்கா போகும். மேல கொப்பரைல சாறு ஒரே மாதிரி கொதிச்சிட்டே இருக்கும், பொங்கி வழியவும் வழியாது அடங்கவும் அடங்காது. சக்கை மாதிரி பொசுக்குன்னு எரியற பொருள வெச்சே அவ்ளோ சீரா தீ நிறுத்த முடியுதுன்னா அது போடற கையிலதான் இருக்கு. வீட்டு அடுப்புக்கும் இதேதான், கொஞ்சமா, சீக்கிரம் சீக்கிரமா, ஒரே அளவுல.

கேள்வி: பெரிய கட்ட ஒண்ணு வெச்சா ரொம்ப நேரம் எரியும்னு வெச்சேன், அணைஞ்சு போச்சு. ஏன்?

ஒத்த கட்ட எரியாது. ஒரு கட்டைல இருந்து வர்ற சூடு பக்கத்து கட்ட மேல பட்டு, அதோடது திரும்ப இது மேல பட்டு, இப்படித்தான் ரெண்டும் சூடு ஆறாம எரியும். தனியா கெடக்கற கட்ட தன் சூட்ட காத்துக்கு குடுத்துட்டு கருத்துப்போய் படுத்துடும். மூணு கட்ட வைங்க, ரெண்டு கனமானது ஒண்ணு மெல்லிசு, மூணோட முனையும் நடுவுல சேரணும், ஆனா ஒட்டிக்கக்கூடாது, நடுவுல சுண்டு வெரல் போற அளவு சந்து விடுங்க. அந்த சந்துக்குள்ளதான் தீ குடியிருக்கும்.

உருண்ட கட்டைய அப்படியே போடறதவிட ரெண்டா பொளந்து போடுங்க, பொளந்த மொகத்துல தீ சட்டுன்னு புடிக்கும். ஆனா ரொம்ப மெல்லிசா பொளந்துட்டா மேல்பரப்பு அதிகமாகி சீக்கிரம் தீந்துடும். பத்த வெக்க மெல்லிசு, நிறுத்த கனம்.

கேள்வி: வெறகு காய்ஞ்சிருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கறது? கடைல காய்ஞ்சதுன்னுதான் சொல்றாங்க.

கடைல எப்பவும் காய்ஞ்சதுன்னுதான் சொல்வாங்க. நாங்க ஒரு தடவ கல்யாணத்துக்கு ஒரு வெறகு தொட்டில டன் கணக்குல எடுத்தோம், மேல பாத்தா சாம்பல் நிறமா வெடிச்சு அழகா இருந்துச்சு, அடுப்புல வெச்சதும் கட்டையோட வெளி முனைல சோப்பு நொர மாதிரி பொங்கி சொய்ங்னு சத்தம். அந்த நொரைய பாத்தீங்கன்னா வேற டெஸ்ட்டே வேணாம், உள்ள தண்ணி இருக்கு, தீயோட சூடு கட்டைக்குள்ள இருக்கற நரம்பு வழியா அத வெளிய தள்ளுது. அன்னிக்கு சாம்பார் எறங்கறதுக்குள்ள எங்க பெரியம்மா கண்ணு ரெண்டும் செவந்து போச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கட்டைய எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க. காய்ஞ்சதுன்னா டங்குன்னு மணி மாதிரி கேக்கும், ஈரம்னா தொப்புன்னு கேக்கும். தூக்கி பாத்தாலே கனம் தெரியும், பட்டை கைல உரிஞ்சு வரணும். ஒரு கட்டைய அங்கயே பொளக்க சொல்லி உள் மொகத்த கன்னத்துல வெச்சு பாருங்க, ஜில்லுனு இருந்தா வேணாம்னு சொல்லிடுங்க. ஈரம் பாக்கற மீட்டர் ஆன்லைன்ல கெடைக்குது, அத வெளிப்பக்கம் குத்தாதீங்க, புதுசா பொளந்த மொகத்துல குத்தணும், 20 சதவீதத்துக்கு கீழ காட்டணும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, வெட்டுன புதுசுல மரத்தோட எடைல கிட்டத்தட்ட பாதி தண்ணிதான். ஒரு கிலோ தண்ணிய கொதிக்க வெச்சு ஆவியாக்க சுமாரா 2,550 கிலோஜூல் வேணும், கரண்ட் கணக்குல முக்கால் யூனிட்டுக்கு கொஞ்சம் கம்மி. அந்த சூடு உங்க சோத்துக்கு போகல, வெறக காய வெக்கவே போச்சு. அதோட அடுப்பு உள்ளயும் சூடு எறங்கிடும், அதனால கட்டைல இருந்து வர்ற கேஸ் எரியாம புகையா போகும். ஈர வெறகுல தீ நிக்கலன்னா அடுப்பு மேல பழி போடாதீங்க.

கேள்வி: எத்தன நாள் காய வெக்கணும்? எப்படி அடுக்கறது?

பொளந்துட்டுதான் காய வெக்கணும், இத எத்தன பேர் மாத்தி செய்யறாங்கன்னு சொல்லி மாளாது. முழு உருண்டையா பட்டையோட போட்டா தண்ணி வெளிய வர வழியே இல்ல, ரெண்டு முனை வழியா மட்டும்தான் போகும். நம்ம வேலூர் வெயில் 40 டிகிரி தாண்டும், மத்த ஊர்க்காரங்களுக்கு கெடைக்காத வரம் இது. மாசில பொளந்து போட்டு அக்னி நட்சத்திரம் முழுக்க வெயில் குடிக்க விட்டா, மணிக்கட்டு கன வெறகு ஆடிக்குள்ள அருமையா காய்ஞ்சிருக்கும். தொட கனம் உள்ள புளியங்கட்ட, வேலிகாத்தான் அடிக்கட்டன்னா அதுக்கும் மேல நாலஞ்சு மாசம் விடுங்க.

அடில ஹாலோபிளாக்கோ செங்கல்லோ வெச்சு தரையில இருந்து ஒரு அடி தூக்குங்க. கட்டைங்களுக்கு நடுவுல காத்து போகணும். மேல மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடுங்க, பக்கத்துல எல்லாம் சுத்தி மூடிட்டா ஈரம் உள்ளயே நின்னு பூசணம் புடிக்கும். 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுன மழைல எங்க வெறகு தரையில கெடந்து அடி வரிசை பூரா ஊறிப்போச்சு, அந்த வருஷம் தை வரைக்கும் புகைதான். அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் கல்லு வெச்சு மேடை கட்டுனாரு.

கேள்வி: எந்த மரம் ரொம்ப நேரம் நிக்கும்?

நம்ம பக்கம் கெடைக்கறதுல வேலிகாத்தான், சீமக்கருவேலம்னு சொல்றாங்களே, அதுதான் மொதல். நெலத்தடி தண்ணிக்கு அது செய்யற கேடு வேற விஷயம், ஏரிலயும் பாலாத்துலயும் அத வேரோட எடுக்கணும்ங்கறதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல, ஆனா எடுத்தத அடுப்புல வெச்சா கனமான கட்ட, நல்ல சூடு, கரி கெட்டியா விழும், தணல் ரொம்ப நேரம் நிக்கும். கரி மூட்டம் போடறவங்க அத தேடறது சும்மா இல்ல. முள்ளுக்கு மட்டும் பயந்துக்குங்க, குத்துனா சீழ் வைக்கும், அதனால கிளைய கழிச்சுட்டு காய போடுங்க.

சவுக்கு அதுக்கு சமம், நேரா இருக்கும், அடுக்க வசதி, ஒரே சீரா எரியும், விசேஷ சமையலுக்கு சமையல்காரங்க சவுக்குதான் கேப்பாங்க. புளியங்கட்ட பொளக்கறதுக்குள்ள தோள் கழண்டுடும், ஆனா நின்னு கனியும். வேப்பங்கட்ட காய்ஞ்சா பரவால்ல, அரைகொறைன்னா புகை தாங்காது. மா சுமார். தைல மரம் நல்லா காய்ஞ்சா ஜுவால ஜோரா வரும். முருங்க, இலவம் இதெல்லாம் பஞ்சு மாதிரி, வெறகு கணக்குலயே சேக்காதீங்க.

தென்ன மட்டை, பாளை, கொட்டாங்குச்சி எல்லாம் ஜுவாலைக்கு, பத்த வெக்க, திடீர்னு கொதி ஏத்த. மல்லாட்ட, அதாவது வேர்க்கடல, அதோட தோலும் அப்படித்தான். மூங்கில் போடறதா இருந்தா பொளந்து போடுங்க, கணு மூடி இருக்கற துண்டு உள்ள காத்து சூடாகி வெடிக்கும்.

மரம் எதுன்றது ரெண்டாவதுதான். காய்ஞ்ச மாங்கட்ட ஈர சவுக்க தோக்கடிச்சிடும்.

கேள்வி: எத எரிக்கவே கூடாது?

அரளி குச்சி. மரமே விஷம், புகையும் விஷம், அடுப்புல வெச்சாலும் தப்பு, அதுல குச்சி ஒடச்சு சோறு கிண்டுனாலும் தப்பு. பெயின்ட் அடிச்ச கதவு ஜன்னல், பிளைவுட், பிளாஸ்டிக் வேணாம்.

நம்ம ஊருக்குன்னு ஒண்ணு சொல்லணும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்ட பக்கம் ஷூ கம்பெனில மிஞ்சற தோல் துண்டு, சோல் துண்டு, ரெக்சின் இதெல்லாம் மூட்ட மூட்டையா கெடைக்குது, சட்டுன்னு புடிச்சு ரொம்ப நேரம் எரியுதுன்னு வெந்நீர் அடுப்புக்கு போடறவங்கள நானே பாத்திருக்கேன். தயவு செஞ்சு போடாதீங்க. அந்த தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பு போட்டு பதம் பண்ணது, எரிச்சா அந்த குரோமியம் இன்னும் மோசமான விஷமா மாறி சாம்பல்லயும் புகைலயும் வரும். அந்த சாம்பலத்தான் அப்புறம் பாத்திரம் தேய்க்கறோம், செடிக்கு போடறோம், கொழந்தைங்க அதுல வெளையாடுது.

கேள்வி: சாம்பல தெனமும் சுத்தமா அள்ளிடணுமா?

மண் அடுப்புன்னா முழுசா அள்ளாதீங்க, ரெண்டு வெரக்கட விடுங்க. சாம்பல் சூட்ட கீழ எறங்க விடாது, தணல் அது மேல படுத்தா மெதுவா கனியும். சாம்பல் வாய் வரைக்கும் ஏறி வெறகு மேல தூக்கிட்டு நிக்குதுன்னா மட்டும் வாரிடுங்க.

கம்பி சல்லடை வெச்ச இரும்பு அடுப்புல காத்து கீழ இருந்து வரணும், அதுல சாம்பல் தட்டு ரொம்புனா அடுப்பு மூச்சு முட்டி நிக்கும். அத தெனமும் பாருங்க. வாரும்போது கங்கு உள்ள ஒளிஞ்சிருக்கும், தகர டப்பால போடுங்க, பிளாஸ்டிக் பக்கெட்ல போட்டு ஒருத்தர் வீட்டு பாத்ரூமே கருகுனது எங்க தெருவுல நடந்திருக்கு.

கேள்வி: காத்த கொறைச்சா ரொம்ப நேரம் எரியும்தானே? அடுப்பு வாய கல்லு வெச்சு அடைச்சிடலாமா?

கொஞ்சம் கொறைக்கலாம், அடைக்கக்கூடாது. காத்து பத்தலன்னா கட்டைல இருந்து வர்ற கேஸ் எரியாம புகையா மேல போயிடும். அந்த புகைதான் உங்க வெறகு. ரொம்ப நேரம் நிக்கற மாதிரி தெரியும், ஆனா சூட்ல பாதிய கூரைக்கு அனுப்பிட்டீங்க, அதோட கார்பன் மோனாக்சைடு வேற, அதுக்கு வாசனையே கெடையாது.

மண் அடுப்புல தீய அளவு பண்றது வெறகாலதான். தீ கொறையணுமா, ஒரு கொள்ளிய வெளிய இழுங்க. ஏறணுமா, உள்ள தள்ளுங்க. எங்க ஆயா அரிசி கொதி வந்ததும் ரெண்டு கட்டைய இழுத்து மண்ணுல குத்தி அணைச்சுட்டு ஒண்ண மட்டும் விடும், சோறு அந்த தணல்லயே பூ மாதிரி வெந்துடும். ஆம்பூர் பிரியாணி தம் போடறதும் இதேதான், எரியற கட்டைய வாங்கிட்டு அடில தணல மட்டும் விட்டு மூடி மேல கொஞ்சம் அள்ளி போடுவாங்க, ஜுவாலைல தம் போட்டா அடி புடிக்கும்.

ஊதுகுழல் பத்தியும் சொல்லிடறேன். ஜுவால மேல ஊதாதீங்க, தணலோட அடில, சாய்ச்சு, நீளமா ஒரு மூச்சு. பத்து தடவ ஊதற மாதிரி இருந்தா வெறகு ஈரம், இல்ல சந்து இல்ல.

கேள்வி: ஏலகிரில கதவு வெச்ச இரும்பு அடுப்பு, புகை குழாயோட. மார்கழில ராத்திரி 10 மணிக்கு போட்டா காலைல வரைக்கும் நிக்குமா?

இது தம்பியோட ஃப்ரெண்டு கேட்டது. மலை மேல ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கு, மார்கழி குளிருக்கு அடுப்பு நல்ல விஷயம்தான். ஆனா சின்ன பெட்டி அடுப்புல காலைல வரைக்கும் ஜுவால நிக்காது, அப்படி ஆசப்பட்டு காத்த சுத்தமா அடைச்சாதான் கண்ணாடி கருப்பா போறதும் குழாய்ல தார் படியறதும். உங்களுக்கு வேணும்னது காலைல தணல், அது கெடைக்கும்.

படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தணல கதவு பக்கமா, காத்து வர்ற எடத்துக்கு இழுத்து குமிங்க. பின்னாடி ரெண்டு மூணு கனமான கட்டைய நெருக்கி அடுக்குங்க, இங்க மட்டும் சந்து கம்மியா இருந்தா நல்லது, தீ முன்னாடி இருந்து பின்னாடிக்கு மெதுவா தின்னுட்டு போகும். காத்து உள்ள வர்ற சின்ன கதவ முழுசா தொறந்து பதினஞ்சு இருவது நிமிஷம் நல்லா எரிய விடுங்க, கட்டை எல்லாம் மேல கருகி ஜுவால புடிக்கணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு மூணு தடவையா கொறைங்க. ஜுவால சோம்பலா அலையற மாதிரி ஆடணும், அணையக்கூடாது. அணைஞ்சு புகை சுத்துனா திரும்ப தொறங்க.

காத்து புகாம அடுப்பு கதவோரம் வெச்சிருக்கற கயிறு தளந்திருந்தா நீங்க எவ்ளோ மூடுனாலும் காத்து திருட்டுத்தனமா போய்ட்டே இருக்கும். ஒரு பேப்பர் துண்ட கதவுல வெச்சு மூடி இழுத்து பாருங்க, சுலபமா வந்துட்டா கயிறு மாத்துங்க.

புகை குழாய்ல இருக்கற அடைப்பு தட்ட முழுசா மூடிட்டு தூங்காதீங்க, எக்காரணம் கொண்டும். ஜன்னல் ஒரு வெரக்கட தொறந்து இருக்கட்டும். ரூமுக்குள்ள சட்டில தணல் வெச்சு கதவ மூடிட்டு படுக்கறதும் உயிருக்கே ஆபத்து. குழாய வருஷத்துக்கு ஒரு தடவ, சீசனுக்கு முன்னாடி, பிரஷ் விட்டு தார எடுத்துடுங்க, அது ஒரு நாள் தீ புடிச்சா குழாயே கொள்ளிக்கட்டை ஆயிடும்.

கேள்வி: யாரும் பக்கத்துல உக்காராம மணிக்கணக்கா எரியற அடுப்பு எதுவும் இல்லியா?

இருக்கு, மரத்தூள் அடுப்பு. முன்னாடி டீக்கடைங்கள்ல பாத்திருப்பீங்க. பெரிய தகர டப்பா, அடில பக்கவாட்டுல ஒரு ஓட்ட. அந்த ஓட்ட வழியா ஒரு உருட்டு கட்டைய படுக்க வெச்சு, நடுவுல இன்னொண்ண நேரா நிக்க வெச்சு, சுத்தி காய்ஞ்ச மரத்தூள கொஞ்சம் கொஞ்சமா கொட்டி உலக்கையால இடிச்சு இறுக்கணும். அப்புறம் ரெண்டு கட்டையையும் திருகி திருகி மெதுவா உருவுனா எல் மாதிரி ஒரு குழி நிக்கும். கீழ் ஓட்டைல பேப்பரோ சுள்ளியோ வெச்சு பத்த வெச்சா, தூள் உள் சுவர்ல இருந்து வெளிப்பக்கமா ஒரே சீரா எரிஞ்சுட்டே போகும், மணிக்கணக்கா.

எல்லாமே இறுக்கத்துலதான் இருக்கு, லூசா இருந்தா பாதில சரிஞ்சு குழி மூடி ஒரே புகையாயிடும். மரம் அறுக்கற மில்லுல தூள் கேட்டு வாங்குங்க, பிளைவுட் வேல நடக்கற எடத்து தூள் வேணாம். எரியும்போது ஆட்டக்கூடாது, வெளிய தாழ்வாரத்துல வைங்க.

கேள்வி: ராக்கெட் அடுப்புன்னு வீடியோல காட்றாங்களே?

நல்ல அடுப்பு. அமெரிக்காவுல லாரி வினியார்ஸ்கி 1980கள்ல உருவாக்குன வடிவம், எல் வளைவுல சூடு வெளிய போகாத குழாய், புகை மேல போறதுக்குள்ள எரிஞ்சுடும். வெறகு கம்மியா புடிக்கும், ஆனா சின்ன குச்சியா பக்கத்துல உக்காந்து தள்ளிட்டே இருக்கணும். தோசைக்கு, டீக்கு சரி. அண்டாவுக்கும் ராத்திரி தணலுக்கும் ஒத்து வராது.

கேள்வி: தீ நல்லாத்தான் நிக்குது, ஆனா கொதிக்க லேட்டாகுது.

பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவுல சந்து எவ்ளோன்னு பாருங்க. மேல மூணு குமிழ் வெச்சிருப்பாங்கல்ல, அதோட உயரம் ஒரு வெரக்கட போதும். உயரம் அதிகமானா சூடு பக்கத்துல தப்பிச்சு போயிடும், ரொம்ப கம்மின்னா புகை போக வழியில்லாம வாய் வழியா உங்க மூஞ்சிக்கு வரும். மூடி போட்டு சமைங்க. கொடி அடுப்பு இருந்தா அந்த ரெண்டாவது கண்ண சும்மா விடாதீங்க, தண்ணி சட்டி வெச்சிடுங்க.

கேள்வி: மறுநாள் காலைல தீப்பெட்டி இல்லாம பத்த வெக்க முடியுமா? எப்படி?

ராத்திரி கடைசியா நல்லா கனிஞ்ச தணல் ரெண்டு மூணு பெருசா பாத்து நடுவுல சேருங்க, புளியங்கட்ட இல்ல வேலிகாத்தான் கரின்னா ரொம்ப நல்லது. அது மேல சாம்பல நாலு வெரக்கட உயரத்துக்கு மூடி, கரண்டியால லேசா தட்டிடுங்க. காத்து துளித்துளியா போகும், தணல் அணையாது, எரிஞ்சும் தீராது. எங்க ஆயா அதுக்கு மேல ஒரு கொட்டாங்குச்சிய கவுத்து வெச்சிட்டு போய் படுக்கும். அடுப்ப சுத்தி தென்ன ஓல, சாக்கு எதுவும் இல்லாம பாத்துக்குங்க.

காலைல நாலரைக்கு சாம்பல விலக்குனா உள்ள ஆரஞ்சு கலர்ல ஒரு கண்ணு முழிச்சிருக்கும். தேங்கா நாரு ஒரு பிடி பிரிச்சு அது மேல வெச்சு, ஊதுகுழல்ல நீளமா ரெண்டு ஊது, நாரு ஓரமா கருத்து சுருண்டு குப்புன்னு புடிக்கும், அதுக்குள்ள சுள்ளிய கைல எடுத்து வெச்சிருங்க.